கட்டுச்சோறும் கூப்பனும்

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்குப் போகும் சாலையில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கில் தெற்கே திரும்ப வேண்டும். கண்டமனூர் வரும், அப்புறம் கடமலைக்குண்டு. அதே சாலையில் இன்னும் போனால் மயிலாடும்பாறை, வருசநாடு. போகப் போக மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. சாலையை ஒட்டியும் விலகியும் மூல வைகை கூடவே வருகிறது. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் பேர் வாங்கித் தந்த ஆறு பிறந்து வரும் வழி இது. ஆனால் நான் போனது கோடையில். ஆற்றில் மணல்தான் இருந்தது. மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து ஊர்களுக்குக் குடிநீர் ஏறிக்கொண்டிருந்தது.

கோடை இங்கே இலவம் பஞ்சுக் காலமும்கூட. களங்களிலும் வீட்டு வாசல்களிலும் காய்களைக் காயப் போட்டிருந்தார்கள். வெடித்த காயிலிருந்து பஞ்சு பறந்து தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டுகிறது. தென்னை, முருங்கை, மலையடிவாரத்தில் கொட்டைமுந்திரி என்று வெள்ளாமை பலவிதமாக இருந்தாலும் இந்தப் பஞ்சுதான் கடமலைக்குண்டுக்காரர்களின் கோடைக் கைச்செலவு. பஞ்சு பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

நான் தங்கியிருந்த உறவினர் வீட்டு மதினி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. குழுவில் கடன் கணக்கு தனி, சுற்றுலாச் சீட்டு தனி. மாதாமாதம் கொஞ்சம் போட்டு, வருசத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் பிள்ளைகளோடு எங்காவது போய்வருவார்கள். இதுவரை கோயில்களாகவே போயிருக்கிறது. இந்த முறை பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றார்கள்: தண்ணீர் விளையாட்டு, ராட்டினம் எல்லாம் இருக்கிற பெரிய பூங்காவுக்குத்தான் போக வேண்டும். பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகிற விதிமுறைகள் நாட்டில் எத்தனையோ பூங்காக்களுக்குப் பொதுவானவை.

திண்ணையில் துண்டறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு மதினி கூப்பிட்டார். “தம்பி, நீங்க எழுதுற ஆளு. இதுல என்ன போட்டுருக்கான்னு வெளங்குற மாதிரி சொல்லுங்க. படிக்கப் படிக்க எல்லாமே நம்மளுக்கு லாபம் மாதிரிதான் இருக்கு.”

அறிக்கையில் மூன்று விலைகள் இருந்தன. வெறும் நுழைவு ஒன்று. நுழைவோடு மதியச் சாப்பாடு இன்னொன்று. காலை டிபன், மதியம் பஃபே, மாலையில் டீயும் ஒரு பலகாரமும் சேர்ந்தது மூன்றாவது. இவை போக, ஒரு கோப்பையை விலைக்கு வாங்கிக்கொண்டால் நாள் முழுக்கக் குளிர்பானம் நிரப்பிக்கொள்ளலாம் என்று படத்தோடு ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், வெளியிலிருந்து உணவோ பானமோ கொண்டுவர அனுமதியில்லை என்ற வரி.

அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். மேலே இருக்கிற மூன்று விலைக்கும் அதுதான் அஸ்திவாரம். கட்டுச்சோறு உள்ளே போகலாம் என்றால் சாப்பாட்டுத் திட்டத்தின் விலை ஊர் ஓட்டல் விலையோடு போட்டி போட்டாக வேண்டும். போகக்கூடாது என்றால் அது பூங்காவுக்குள் இருக்கும் கடை விலையோடு மட்டும் போட்டி போட்டால் போதும். அந்தக் கடையும் பூங்காவினுடையதே, அல்லது அவர்களிடம் வாடகைக்கு இருப்பது. இருபது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தால், எந்த விலையிலிருந்து இருபது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்காக நுழைவு 900 ரூபாய், சாப்பாட்டோடு 1,200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைச் சோறு 300. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் ஊதியம் 2025-26இல் 336 ரூபாய். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போகிறவர்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வெயில். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒரு அப்பத்தா, “அம்புட்டுக்கும் என்னத்தப் போடுவான்?” என்றார். நல்ல கேள்வி. அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். பல பூங்காக்களில் குழந்தைக் கட்டணத்தை வயது தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கிறது. விளையாட்டுகளில் உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்புக் கம்பி பிள்ளையின் உடம்பில் சரியாகப் பொருந்த வேண்டும். ஆனால் அதே அளவுகோலைச் சோற்றுக்கும் வைக்கும்போது, ஆறாவது படிக்கிற நெட்டையான பெண்ணுக்குப் பெரியவருக்கான சாப்பாட்டு விலை விழுகிறது. அவள் அன்றைக்குச் சாப்பிடப்போவது ஒரு பூரியும் ஐஸ்கிரீமும். தண்ணீரில் ஆடுகிற பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு இழுத்து வருவதே பெரும்பாடு. பஃபேயில் லாபம் பார்ப்பது அவர்களால் ஆகிற காரியமில்லை.

குளிர்பானக் கோப்பையைப் பற்றியும் கேட்டார்கள். குளிர்பானம் என்பது தண்ணீர், சர்க்கரை, வாயு, கொஞ்சம் வாசனை. எத்தனை தடவை ஊற்றிக் கொடுத்தாலும் விற்கிறவருக்குக் கை கடிப்பது அபூர்வம். வாங்குகிறவர் மூன்று நான்கு தடவையாவது நிரப்பினால்தான் கொடுத்த காசுக்குச் சரியாகும். தண்ணீர்ப் பூங்காவில் நிரப்புவதற்குக் கோப்பை கையில் இருக்க வேண்டுமே! சறுக்கலில் ஏறும்போது யார் வைத்துக்கொள்வது? லாக்கரில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் போய் எடுத்துவர நேரம் போகும். அன்றைக்கு அவர்கள் அதிகமாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிற பொருள் அந்த நேரம்தான்.

ஆகவே எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வெறும் நுழைவு மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டுச்சோற்றை வேனிலேயே வைத்திருந்து வெளியே வந்து சாப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். கணக்குப்படி அதுதான் மலிவு. மதினி ஒத்துக்கொள்ளவில்லை.

“எலுமிச்சங்கா, புளி, எண்ணெய் எல்லாம் சேத்தாலும் செலவு கம்மிதான், சரி. இம்புட்டுப் பேருக்கு ரெண்டு வேளைச் சோறு கட்டணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எந்திரிக்கிறது? அடுப்புல நின்னுட்டு அப்படியே வேன்ல ஏறணும். போன தடவ திருச்செந்தூருக்குப் போனப்ப நான் கடலப் பாக்கல தம்பி, தூங்கிட்டேன். அந்தத் தூக்கத்துக்கு என்ன வெல போடுவீங்க?”

பயணச் சாப்பாட்டைப் பற்றி நம்மிடையே எவ்வளவோ பெருமைப் பேச்சு உண்டு. வாழை இலையில் கட்டிய புளிச்சோறு, பருப்புத் துவையல், அவித்த முட்டை, மோர்மிளகாய். நானும் அதில் ஆசை உள்ளவன்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தின் விலையில் சமைத்தவளின் இரவு ஒருநாளும் சேருவதில்லை. சாப்பாட்டுத் திட்டத்துக்கு ஆதரவாக நான் கேட்டவற்றிலேயே கனமான வாதம் இதுதான். அதைச் சொன்னது விளம்பரம் அல்ல, கடமலைக்குண்டுத் திண்ணை. வருசத்தில் ஒரு வேளையாவது பிறர் சமைத்துப் பரிமாற உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால், 300 ரூபாய் அதிகமா குறைவா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு இப்படி வந்தது. காலைக்குக் கட்டுச்சோறு, அதை முதல் நாள் இரவே வீட்டு ஆண்கள் கிளறிக் கட்ட வேண்டும். மதியத்துக்குப் பெரியவர்கள் எல்லாருக்கும் சாப்பாட்டோடு டிக்கெட். பிள்ளைகளுக்கு நுழைவு மட்டும். அவர்களுக்கு வேண்டியதை உள்ளே தனியாக வாங்கிக்கொள்வது. கோப்பைத் திட்டம் வேண்டாம். அண்ணன் எலுமிச்சை பிழிந்துகொண்டு, “இதுக்குக் கோயிலுக்கே போயிருக்கலாம்” என்று முணுமுணுத்தார். மதினி காதில் வாங்கவில்லை.

விடிவதற்கு முன் வேன் புறப்பட்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது வெளுக்கத் தொடங்கி, உசிலம்பட்டி தாண்டியதும் நன்றாக வெயில் வந்துவிட்டது. சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சோற்றில் உப்பு ஒரு கல் கூடுதல். யாரும் குறை சொல்லவில்லை, கிளறியவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். முறுக்குப் பொட்டலங்கள், கம்பம் பன்னீர் திராட்சை இருந்த பை, தண்ணீர்ப் பாட்டில்கள் எல்லாம் வேனுக்குத் திரும்பின. கைக்குழந்தையின் பால்புட்டியையும் அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரையோடு இருந்த பிஸ்கட்டையும் விட்டார்கள். சோதித்த பெண்ணும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குக்கா, விதி அப்படி” என்றார். தண்ணீர்ப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் எல்லாருக்கும் மனசு சுருங்கியது. முறுக்குக்கு யாரும் அப்படி வருந்தவில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2018இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி நரசிம்மாவும் அடங்கிய அமர்வு, தனியார் இடத்தின் உரிமையாளர் நுழைவு நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம், உள்ளே விற்பதை வாங்கியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்றது. ஆனால் அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னது: சுத்தமான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் எடுத்துப்போகலாம். தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியது. இரண்டரை மணி நேரம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கே இலவசத் தண்ணீர் அவசியம் என்றால், சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் திறந்தவெளியில் அலைகிறவருக்கு அது எத்தனை மடங்கு அவசியம்! இதைச் சட்டப் புத்தகம் இல்லாமலே யாரும் சொல்லிவிடலாம்.

விலையைப் பற்றியும் ஒரு விதி உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 2018 ஜனவரி 1 முதல் ஒரே பொருளுக்குக் கடைத்தெருவில் ஒரு அதிகபட்ச விலை, பூங்காவிலோ விமான நிலையத்திலோ இன்னொரு அதிகபட்ச விலை என்று அச்சடித்து விற்கக்கூடாது. ஓட்டலில் மேசையில் உட்கார வைத்துப் பரிமாறினால் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது உண்மை. அது உட்கார இடமும் பரிமாற ஆளும் சேர்ந்த சேவைக்கு. சும்மா ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டுகிற கடையில் அதிக விலை கேட்டால், பில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். இந்த எண்ணை மதினி குழுவின் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

உள்ளே குடிநீர்க் குழாய் இருந்தது. கழிப்பறைகளுக்கு அடுத்த சுவரில், அம்புக்குறி எதுவும் இல்லாமல். கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். குளிர்பானக் கடைக்கோ நான்கு திசையிலிருந்தும் பலகைகள் வழி காட்டின.

1955 ஜூலை 17இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்த நாளன்று அங்கேயும் தண்ணீர்தான் பிரச்சினையாக இருந்தது. குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் கழிப்பறைகளையும் குடிநீர் ஊற்றுகளையும் ஒருசேர முடிக்க முடியவில்லை. வால்ட் டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். கொதிக்கிற வெயில், வறண்ட குழாய்கள், பக்கத்திலேயே பெப்சி விற்பனை. குளிர்பானம் விற்பதற்காகவே குழாயை மூடிவிட்டார்கள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு அதே நிறுவனத்தின் அமெரிக்கப் பூங்காக்களில், குளிர்பான இயந்திரம் உள்ள உணவுக் கடைகளில் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருகிறார்கள். வீட்டிலிருந்து உணவு கொண்டுபோகவும் அங்கே அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது.

அவ்வளவு அனுமதித்தும் அவர்கள் உணவுத் திட்டம் விற்கிறார்கள். புளோரிடாவில் அவர்களுடைய விடுதியில் தங்குகிறவர்களுக்கு 2005இல் கொண்டுவந்தது, கொரோனாவில் 2020இல் நின்று 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. ஒரு இரவுக்கு இத்தனை சாப்பாடு, இத்தனை சிற்றுண்டி, நிரப்பிக்கொள்ள ஒரு கோப்பை என்று அலகுகளாகக் கொடுப்பார்கள். லாபமா நட்டமா என்று பட்டியல் போட்டு வாதாடுவதற்கே அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. வேறு சில அமெரிக்கப் பூங்காக்களில் ஒருமுறை பணம் கட்டினால் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை சாப்பிடலாம். யுனிவர்சல் பூங்காக்களில் விற்கும் கோப்பையின் அடியில் ஒரு சில்லு இருக்கும். ஒருமுறை நிரப்பினால் அடுத்ததற்குச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த நாள் முடிந்ததும் இயந்திரம் கோப்பையை அடையாளம் காணாது. அளவில்லை என்று விற்கிற எதிலும் இப்படி ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கிறது.

முன்னாலேயே பணம் கட்டிவிட்டால் செலவின் வலி பின்னால் தெரிவதில்லை என்று டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். சாப்பிடும் நேரத்தில் அது இலவசம் போலத் தோன்றும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒருமுறைக்கு 10 டாலர் கொடுத்துப் போயிருக்கக்கூடியவர்கள் மாதச் சந்தா கட்டிவிட்டுக் குறைவாகப் போனதால், ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் கொடுத்தது தெரியவந்தது. மனிதர்கள் முன்பணம் கட்டும்போது தங்கள் பசியையும் உற்சாகத்தையும் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள். பயன்படாமல் போகிற கூப்பன்தான் திட்டம் விற்பவரின் நிச்சய வருமானம்.

வெளி உணவுத் தடையை எதிர்த்து ஜெயித்தவர் ஒருவர் உண்டு. 2019இல் ஷாங்காய் டிஸ்னிலாந்தில், பையைத் திறந்து பார்த்துத் தின்பண்டங்களைத் தடுத்ததற்காக ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். தின்பண்டத்தின் விலை நாற்பது யுவானுக்குக் கொஞ்சம் மேல். செப்டம்பரில் சமரசம் ஆனபோது அவருக்கு 50 யுவான் கிடைத்தது. பூங்கா விதியையே மாற்றி, சொந்த உணவைக் கொண்டுவர அனுமதித்தது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் விடுகிற சாப்பாட்டை சீனாவில் ஏன் தடுக்கிறீர்கள் என்று அந்த நாட்டு மக்கள் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் வரவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

கடமலைக்குண்டுப் பெண்கள் மதியம் சாப்பிட உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டும். நான்தான் அவசரப்படுத்தி பன்னிரண்டு மணிக்கே அழைத்துப் போனேன். ஒரு மணிக்கு மேல் பஃபே வரிசை வாசலைத் தாண்டும். அலைக்குளத்தில் அலை விடும் நேரத்தில் வரிசையில் நின்றால் டிக்கெட் காசில் ஒரு பகுதி வீண். சோறு, சாம்பார், இரண்டு பொரியல், சப்பாத்தி, கோழிக் குழம்பு, ஒரு பாயசம். ருசி பரவாயில்லை ரகம். ஆனால் அவர்கள் தட்டை வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்த தோரணை எனக்கு மறக்காது. “ஏத்தா, அந்தச் சப்பாத்திய எடுத்துட்டு வா, இன்னைக்கு நான் எந்திரிக்க மாட்டேன்” என்று ஒருவர் பக்கத்துக்காரியை ஏவினார். அவர் எழுந்து போய்க் கொண்டுவந்தார். அடுத்த தடவை இவர் போனார். யாருக்கும் பரிமாற வேண்டிய பொறுப்பு இல்லாமல் சாப்பிடுகிற பெண்கள் எவ்வளவு பேசுகிறார்கள், எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறார்கள்!

பிள்ளைகள் பக்கம் திட்டம் போட்டபடி நடக்கவில்லை. உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம், பாப்கார்ன் என்று சில்லறையாகப் போனது, கூட்டிப் பார்த்தால் சாப்பாட்டு டிக்கெட்டை நெருங்கியது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு மன்றாட்டு, ஒரு அதட்டல். திட்டம் எடுத்திருந்தால் அந்த அதட்டல்கள் மிச்சமாகியிருக்கும். திட்டத்தின் சாதகங்களில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும்: பிள்ளைகள் எதிரில் பர்ஸை எட்டிப் பார்த்துத் தயங்குகிற அந்த நிமிடத்திலிருந்து அது அம்மாக்களைக் காப்பாற்றுகிறது. அதைவிட, தண்ணீரில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாகமே தெரிவதில்லை என்பதுதான் பெரிய விஷயம். மதினி மணிக்கு ஒருமுறை விசில் ஊதுகிற மாதிரி கூப்பிட்டு, குழாயடியில் வரிசையாக நிற்க வைத்துத் தண்ணீர் குடிக்க வைத்தார்.

வரி விவரம் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூங்கா நுழைவுக்கு 2017இல் ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து, 2018 ஜனவரி 25 முதல் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் குடிநீருக்கு 5 சதவீதம், வாயு நிறைத்த இனிப்புக் குளிர்பானத்துக்கு 40. தண்ணீர் எவ்வளவு வேண்டியது, சர்க்கரைக் குளிர்பானம் எவ்வளவு வேண்டாதது என்பதில் அரசுக்குக்கூடச் சந்தேகமில்லை. பூங்காவின் வழிகாட்டிப் பலகைகள்தான் தலைகீழாக இருக்கின்றன.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போனேன். 1959இல் திறந்த அணை. அதன் கீழே ஆற்றின் இரு கரையிலும் பூங்கா, சறுக்கு, ஊஞ்சல், குட்டி ரயில். வாசலில் சில ரூபாய் டிக்கெட். புல்தரையில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து, தூக்குவாளிகளைத் திறந்து, பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கும் ஒரு கை கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டியவர்களுக்கு வெளியே அணை மீன் வறுவல் சூடாக இருக்கிறது. தூக்குவாளி உள்ளே போவதால் மீன் கடைக்காரர்கள் யாரும் கடையை மூடிவிடவில்லை. பெரிய பூங்காவின் இயந்திரங்களையும் பாதுகாப்பையும் இந்தச் சின்னக் கட்டணத்தில் நடத்த முடியாது, அது எனக்குத் தெரியும். உணவு வருமானத்தால்தான் நுழைவுக் கட்டணம் இந்த அளவில் நிற்கிறது என்று அவர்கள் சொன்னால் அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அப்படியானால் மரத்தடியில் நான்கு பெஞ்சு போட்டு, கட்டுச்சோற்றுக்காரர்கள் சாப்பிட்டுப் போக ஓர் இடம் ஒதுக்குவதில் என்ன குறைந்துவிடும்?

இந்தப் பக்கத்து மக்களுக்கு ராட்டினம் புதிதல்ல. சித்திரையில் தேனியை அடுத்த வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. முல்லைப் பெரியாற்றங்கரையில் தீச்சட்டி, ஆயிரங்கண் பானை எடுக்கிறவர்கள் ஒரு பக்கம், வானுயர ராட்டினங்கள் ஒரு பக்கம். கடமலைக்குண்டிலிருந்தும் போகாத வீடில்லை. அங்கே பஜ்ஜியும் சர்பத்தும் காசுக்கு விற்கிறார்கள். நூறடிக்கு ஒரு பந்தலில் நீர்மோரும் பானகமும் சும்மா ஊற்றுகிறார்கள். திங்களூரில் திருநாவுக்கரசர் பெயரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலைப் பெரியபுராணம் சொல்கிறது. கூட்டம் சேருகிற இடத்தில் தண்ணீர் விற்பனைப் பொருளாகாது என்பது இந்த மண்ணில் அவ்வளவு காலமாகப் புழங்கிவருகிற ஏற்பாடு. ராட்டினத்தைச் சுற்றி மதில் எழும்பியதும் அது மாறிவிட வேண்டியதில்லை. எந்தத் திட்டத்திலும் சேராமல், எல்லாத் திட்டத்துக்கும் முன்னால், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசத் தயாரில்லை.

குழுக் கூட்டத்தில் மதினி செலவுக் கணக்கை வாசித்தார். அடுத்த வருசத்துக்கும் பூங்காதான் என்று முடிவானது. இந்த முறை துண்டறிக்கையை நம்பாமல் பூங்காக்களுக்கு ஃபோன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “உள்ள குடிதண்ணி எங்கெங்க இருக்கு? சாப்பாட்டுக் கூப்பன் எடுத்துட்டுச் சாப்பிடலன்னா காசு திரும்ப வருமா? பிள்ளைகளுக்கு உசரத்த வச்சா வயச வச்சா சாப்பாட்டு ரேட்டு? கையில முத்திர குத்திக்கிட்டு வெளிய போய்ச் சாப்டுட்டுத் திரும்ப வர விடுவீங்களா?”

ஒரு இடத்தில் பாதிக் கேள்வியிலேயே ஃபோனை வைத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னார்: வாகனம் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது, மின்விசிறி உண்டு, கொண்டுவந்த சாப்பாட்டை அங்கே சாப்பிட்டுவிட்டு முத்திரையைக் காட்டித் திரும்ப உள்ளே போகலாம், தண்ணீர்க் குழாய் நுழைவாசலிலேயே இருக்கிறது. மதினி பேரையும் தேதியையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சாப்பாட்டுத் திட்டம் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “பொம்பளைகளுக்கு மட்டும் போடும்மா, ஆம்பளைகளும் பிள்ளைகளும் கொட்டகையில சாப்டுக்கட்டும், அவுக கட்டுன சோறுதான்” என்றார்.